டிரவுட், சால்மன் மீன்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய விலங்கியல் நூலில் ரெயின்போ டிரவுட்டுக்கு ஒரு அறிவியல் பெயர் இருக்கும். புதிய நூலில் வேறொன்று இருக்கும். ஒரு பட்டியல் ஐரோப்பா முழுமைக்கும் பிரவுன் டிரவுட் ஒன்றே ஒன்றுதான் என்கிறது. இன்னொன்று அதையே பல சிற்றினங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இவற்றைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களும் மீன் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த மீனைக் காப்பாற்றப் பணம் ஒதுக்குகிறோம், எந்த மீனைக் கவனிக்காமல் விடுகிறோம் என்பதெல்லாம் இந்தப் பெயர்களைப் பொறுத்தே அமைகிறது. அதனால் பெயர் மாற்றங்களின் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரவுட்டும் சால்மனும் வேறு வேறு இனமா?

அப்படி ஒரு கோடு இயற்கையில் இல்லை. அட்லாண்டிக் சால்மனுக்கு மிக நெருங்கிய உறவு பிரவுன் டிரவுட். இரண்டும் சால்மோ என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த ஒரே தொகுதி. பசிபிக் பக்கம் வந்தால் ரெயின்போ டிரவுட்டுக்கு நெருங்கிய உறவினர்கள் சாக்கி, கோஹோ, சினூக் போன்ற சால்மன்கள். இவை எல்லாம் ஆங்கோரிங்கஸ் பேரினம். அதாவது ரெயின்போ டிரவுட்டும் பிரவுன் டிரவுட்டும் டிரவுட் என்ற பெயரைப் பகிர்ந்துகொண்டாலும், இரண்டும் தத்தம் கடலின் சால்மன்களுக்கே நெருக்கமானவை.

வட அமெரிக்காவில் புரூக் டிரவுட், லேக் டிரவுட் என்று அழைக்கப்படுபவையோ இந்த இரண்டு பேரினத்திலும் சேராதவை. அவை சால்வெலினஸ் பேரினத்தைச் சேர்ந்த சார் வகை மீன்கள். குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் ஊரில் பார்த்த மீனின் பெயரை அங்கே கண்ட மீனுக்கும் வைத்துவிட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயரை வைத்து உறவைக் கணிக்க வேண்டாம் என்பதே இந்தக் குடும்பத்தில் முதல் பாடம்.

நம் மீன் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்களே?

அது காலா மீன். கடல் மீன், சால்மன் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை.

முழுக் குடும்பத்தையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சால்மோனிடே என்பது குடும்பம். அதற்குள் மூன்று துணைக் குடும்பங்கள்: வெண்மீன்கள், கிரேலிங் மீன்கள், மூன்றாவதாக டிரவுட்டும் சால்மனும் சாரும் சேர்ந்த கூட்டம். இந்த மூன்றாவதில் சால்மோ, ஆங்கோரிங்கஸ், சால்வெலினஸ் ஆகியவை பெரிய பேரினங்கள். டான்யூப் ஆற்றின் ஹூச்சன் மீன் அடங்கிய ஹூக்கோ, சைபீரியாவின் லெனோக் அடங்கிய பிராக்கிமிஸ்டாக்ஸ் போன்ற சிறியவையும் உண்டு. எல்லாமே வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நீருக்குரியவை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே கதிர்கள் இல்லாத சதைப்பற்றான ஒரு சிறு கொழுப்புத் துடுப்பு இவை அனைத்துக்கும் இருக்கும். வேறு சில மீன் கூட்டங்களுக்கும் அது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

மீனைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி அடையாளம் காண்பது?

முதலில் புள்ளிகளைப் பாருங்கள். வெளிர் உடலில் கரும்புள்ளிகள் இருந்தால் டிரவுட் அல்லது சால்மன். கருத்த உடலில் வெளிர் புள்ளிகள் இருந்தால் சார். வாயைத் திறந்து மேலண்ணத்து நடு எலும்பைத் தடவிப் பார்த்தாலும் தெரியும்: சாரில் பற்கள் அந்த எலும்பின் முன்முனையில் மட்டும் இருக்கும், மற்றவற்றில் பின்னோக்கியும் நீளும்.

அடுத்து குதத் துடுப்பு. பசிபிக் சால்மன்களில் அதன் கதிர்கள் 13 அல்லது அதற்கு மேல். டிரவுட்டுகளிலும் அட்லாண்டிக் சால்மனிலும் பெரும்பாலும் 8 முதல் 12. கட்த்ரோட் டிரவுட்டுக்குத் தாடையின் அடியில் சிவப்புக் கீற்று ஒன்று ஓடும். சினூக் சால்மனின் ஈறு கறுப்பு. கோஹோவில் பற்கள் முளைக்கும் இடத்தில் ஈறு வெளுத்திருக்கும்.

ஐரோப்பிய ஆற்றில் அட்லாண்டிக் சால்மனையும் கடலிலிருந்து திரும்பிய பிரவுன் டிரவுட்டையும் பிரிப்பதுதான் கடினம். இரண்டும் வெள்ளியாய் மின்னும். சால்மனுக்கு வாலின் அடிப்பகுதி ஒடுங்கியிருக்கும், வால் சற்றே பிளந்திருக்கும், மேல்தாடை எலும்பு கண்ணின் பின்விளிம்பைத் தாண்டாது. டிரவுட்டில் அது தாண்டும். சந்தேகம் தீராவிட்டால் கொழுப்புத் துடுப்பிலிருந்து பக்கக்கோடு (உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் கோடு) வரை சரிவாகச் செதில்களை எண்ணுவார்கள்: சால்மனில் பெரும்பாலும் 10 முதல் 13, டிரவுட்டில் 13 முதல் 16. எண்கள் தொட்டுக்கொள்வதைக் கவனியுங்கள். நெருங்கிய உறவினர்களிடையே ஒற்றை அடையாளம் எதுவும் போதாது. நான்கைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரெயின்போ டிரவுட்டின் பெயர் ஏன் மாறியது?

பெயரீட்டு விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. இதில் நடந்தவை இரண்டு தனித்தனி மாற்றங்கள். இரண்டும் 1989இல் ஒன்றாகச் சேர்ந்து வந்ததால் பலரும் ஒரே மாற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது சிற்றினப் பெயர். 1836இல் ஜான் ரிச்சர்ட்சன் கொலம்பியா ஆற்று மீன் ஒன்றுக்கு சால்மோ கெயர்ட்னரி என்று பெயரிட்டார். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியில் மருத்துவராக இருந்த மெரடித் கெயர்ட்னரின் நினைவாக வைத்த பெயர் அது. ஒன்றரை நூற்றாண்டு காலம் உலகமெங்கும் அந்தப் பெயர் புழங்கியது. ஆனால் அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, 1792இல், லூபெக் நகர மருத்துவரான யோஹான் யூலியஸ் வால்பாம், ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்து மீன் ஒன்றுக்கு சால்மோ மைக்கிஸ் என்று பெயர் வைத்திருந்தார். அவர் கம்சட்காவுக்குப் போனவரல்ல. அங்கே போய் வந்தவர்களின் குறிப்புகள் நூல்கள் வழியாக அவரை எட்டியிருந்தன. நெர்க்கா, கிசுச், கேட்டா, கோர்புஷா, ஷவிட்ஷா என்று பசிபிக் சால்மன்கள் ஐந்தின் சிற்றினப் பெயர்களும் அதே ஆண்டில் அவர் வைத்தவைதான்.

கம்சட்கா மீனும் அமெரிக்க ரெயின்போவும் ஒன்றா என்பது நீண்ட காலம் கேள்வியாகவே இருந்தது. உடலமைப்பையும் புரதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே சிற்றினம் என்று தெளிந்தது. ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதே செல்லும் என்பது விதி. மைக்கிஸ் வென்றது.

இரண்டாவது பேரினப் பெயர். பசிபிக் பக்கத்து டிரவுட்டுகளை சால்மோவில் வைத்ததற்கு முக்கியக் காரணம் அவற்றின் வாழ்க்கை முறை. பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துவிடும். ரெயின்போவும் கட்த்ரோட்டும் பிழைத்து மறுபடி முட்டையிடக் கூடியவை. அட்லாண்டிக் சால்மனும் அப்படித்தான். ஆகவே அவற்றோடு சேர்த்தார்கள். எலும்புகள், புதைபடிவங்கள், மரபணுச் சான்றுகள் மூன்றும் வேறு கதை சொல்லின: பசிபிக் டிரவுட்டுகள் பசிபிக் சால்மன்களின் கிளையைச் சேர்ந்தவை. முட்டையிட்டபின் பிழைப்பது பழைய மூதாதையிடமிருந்து வந்த குணம். சால்மன்கள்தான் பின்னாளில் அதை இழந்தன. பழைய குணம் ஒன்றை இருவர் தக்கவைத்திருப்பது அவர்களுக்குள் நெருங்கிய உறவு உண்டு என்பதற்குச் சான்றாகாது. ஜெரால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் ஸ்டியர்லியும் 1989இல் இதை விரிவாக எழுதினார்கள். அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் பெயர்க் குழுவும் ஏற்றது. சால்மோ கெயர்ட்னரி அன்று முதல் ஆங்கோரிங்கஸ் மைக்கிஸ் ஆனது.

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆள் பெயரும் ஆண்டும் வருவது ஏன்?

ஆங்கோரிங்கஸ் மைக்கிஸ் (வால்பாம், 1792) என்று எழுதியிருந்தால், வால்பாம் 1792இல் சிற்றினப் பெயரை வைத்தார், ஆனால் வேறொரு பேரினத்தில் வைத்தார் என்று பொருள். சால்மோ ட்ரூட்டா லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை, ஏனென்றால் லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே அந்த மீன் இன்றும் இருக்கிறது. விலங்குப் பெயர்களுக்கெல்லாம் 1758தான் தொடக்க ஆண்டு. அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது.

ஸ்டீல்ஹெட் தனிச் சிற்றினமா?

இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட்தான் ஸ்டீல்ஹெட். ஒரே பெற்றோரின் குஞ்சுகளில் ஒன்று கடலுக்குப் போகலாம், இன்னொன்று பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து முடிக்கலாம். ஐந்தாம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு பெரிய பகுதிக்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் உணவும் வெப்பமும் வளர்ச்சி வேகமும் சேர்ந்தே முடிவு அமைகிறது. பிரவுன் டிரவுட்டிலும் கடல் போகும் வடிவம் உண்டு. சாக்கி சால்மனில் கடலுக்கே போகாமல் ஏரியில் தங்கிவிடுவது கோக்கனி.

லின்னேயஸ் காலத்தில் இது தெரியாது. அவர் ஆற்று டிரவுட்டுக்கு ஒரு பெயர், ஏரி டிரவுட்டுக்கு ஒரு பெயர், கடலிலிருந்து வருவதற்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்தார். நிறமும் அளவும் அவ்வளவு வேறுபடும். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் பிரவுன் டிரவுட் ஒரே சிற்றினமா, பல சிற்றினங்களா?

இந்தக் குடும்பத்தில் இன்றும் ஓயாத விவாதம் இதுதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் 1860களில் பிரிட்டன், அயர்லாந்து டிரவுட்டுகளையே பல சிற்றினங்களாகப் பிரித்தார். 1911இல் டேட் ரீகன் அவை எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ரீகன் பக்கமே நின்றது. பிறகு தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிடும் முறை வந்தது. கனடாவின் லூயி பெர்னாச்சே 1990களிலிருந்து செய்த ஆய்வுகள் அட்லாண்டிக், டான்யூப், மத்தியதரைக்கடல், ஏட்ரியாட்டிக், மார்பிள் டிரவுட் என ஐந்து பெரிய மரபுவழிகளைக் காட்டின. பனியுகங்களில் வெவ்வேறு ஆற்றுப் படுகைகளில் தனித்தனியாக ஒதுங்கி வாழ்ந்தவற்றின் தடயம் அது. 2007இல் மோரிஸ் கொட்டலாவும் யோர்க் ஃப்ரைஹோஃபும் ஐரோப்பிய நன்னீர் மீன்களைத் தொகுத்தபோது, பல வட்டார டிரவுட்டுகளுக்குத் தனிச் சிற்றின அந்தஸ்து கொடுத்தார்கள். துருக்கியின் ஆறுகளிலிருந்தும் அதன் பிறகு புதிய சிற்றினங்கள் வரிசையாக விவரிக்கப்பட்டன. டைக்ரிஸ் ஆற்றின் பெயர் தாங்கிய சால்மோ டைக்ரிடிஸ் அவற்றில் ஒன்று.

இந்த விவாதத்தை ஏட்டில் படிப்பதைவிட மெல்வின் ஏரியைப் பார்த்தால் நன்றாகப் புரியும். அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் எல்லையில் கிடக்கும் ஏரி அது. அதில் மூன்று விதமான பிரவுன் டிரவுட்டுகள் வாழ்கின்றன. கில்லரூ கரையோர அடித்தளத்தில் நத்தைகளைத் தின்னும். பொன்னிறம், பெரிய செம்புள்ளிகள், தடித்த இரைப்பைச் சுவர். சோனகன் ஏரியின் நடுவே மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும், கருத்த துடுப்பு. ஃபெராக்ஸ் ஆழத்தில் மற்ற மீன்களை வேட்டையாடும். நீண்ட ஆயுள், பெரிய உடல். மீனவர்கள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தறிந்து வந்தார்கள். அறிவியலாளர்கள் பலர், உணவு மாறினால் உருவம் மாறும், அவ்வளவுதான் என்று ஒதுக்கினார்கள்.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபெர்குசன் புரதங்களைச் சோதித்துப் பார்த்தபோது மீனவர்கள் சொன்னதே சரியென்று ஆனது. மூன்றும் மரபணுவில் தனித்தனி. முட்டையிடும் இடமும் வேறு: கில்லரூ ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றில், சோனகன் உள்ளே வரும் சிறு ஓடைகளில், ஃபெராக்ஸ் ஆழமான ஆற்றுப் பகுதியில். ஒரே ஏரியில் வாழ்ந்தும் தம்முள் கலப்பதில்லை என்றால் சிற்றினத்துக்கான வழக்கமான இலக்கணம் அதுதானே? அந்த ஏரியை மட்டும் பார்த்தால் மூன்று சிற்றினம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் வேறொரு ஏரியில் ஃபெராக்ஸ் என்று அழைக்கப்படும் மீன் இதே கிளையிலிருந்து வந்ததா, அங்கேயே தனியாக உருவானதா என்பது ஒவ்வொரு ஏரியிலும் தனியே சோதித்து அறிய வேண்டியது. பெயர் ஒன்றை ஓர் ஏரிக்கு வெளியே நீட்டும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது.

என் கருத்தைக் கேட்டால், மெல்வின் ஏரியின் மூன்றையும் மூன்றாகவே எண்ண வேண்டும். சிற்றினம் என்ற பட்டம் கொடுப்பதா இல்லையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அதன் ஓடை பாழாகும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கட்த்ரோட் டிரவுட்டைப் பல சிற்றினங்களாகப் பிரித்துவிட்டார்களாமே?

ஆம். அமெரிக்காவின் மேற்கில் ராபர்ட் பென்கே வகுத்த முறைப்படி நீண்ட காலம் ஒரே சிற்றினம், அதற்குள் 14 துணைச் சிற்றினங்கள் என்றிருந்தது. ஆனால் குரோமோசோம் எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை: கடலோர வகையில் 68, ராக்கி மலையின் மேற்குச் சரிவு வகையில் 66, மற்றவற்றில் 64. மரபணு ஆய்வுகளும் அதே பிளவுகளைக் காட்டின. அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டியல் நான்கு சிற்றினங்களை ஏற்றது: கடலோரத்துக்குக் கிளார்க்கி, மேற்குச் சரிவுக்கு லூவிசி, நெவாடா பக்கத்து லஹோண்டன் படுகைக்கு ஹென்ஷாவி, ராக்கி மலைக்கு விர்ஜினாலிஸ்.

ராக்கி மலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது யெல்லோஸ்டோன் மீன். ஆனாலும் சிற்றினத்துக்கு அதன் பெயரை வைக்க முடியவில்லை. அதற்குரிய பூவியேரி என்ற பெயர் 1883இல் வந்தது. ரியோ கிராண்டே மீனுக்கு வைத்த விர்ஜினாலிஸ் 1856ஐச் சேர்ந்தது. இங்கும் முந்தியதே செல்லும் விதிதான்.

தவறான பெயரால் உண்மையிலேயே ஏதாவது கெட்டுப்போனதுண்டா?

கொலராடோவின் கிரீன்பேக் கட்த்ரோட் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சுரங்கக் கழிவு, அளவுமீறிய மீன்பிடிப்பு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் எல்லாம் சேர்ந்து 1930களில் அது அழிந்துவிட்டதாகக் கருதினார்கள். பின்னர் சில ஓடைகளில் மிச்சம் கிடைத்ததாகத் தெரிந்ததும், அவற்றிலிருந்து குஞ்சு பொரித்துப் பல இடங்களில் விட்டார்கள். பல்லாண்டு உழைப்பு. 1994இல் அது மாநில மீனாகவும் ஆனது.

2007இல் டி.என்.ஏ. ஆய்வு ஒன்று, காப்பாற்றிப் பெருக்கியவற்றில் பல கிரீன்பேக்கே அல்ல, மலையின் மறுபக்கத்தைச் சேர்ந்த கொலராடோ ஆற்றுக் கட்த்ரோட் என்று சொன்னது. அப்போதும் எது உண்மையான கிரீன்பேக் என்ற கேள்வி முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் சாராயத்தில் போட்டு வைத்த மீன்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஒப்பிட்டார்கள். மக்கள் மீன்களை இடம் மாற்றத் தொடங்குவதற்கு முன்னால் எந்த ஆற்றில் எது இருந்தது என்பதை அந்தப் பழைய குப்பிகள்தான் சொல்ல முடியும். 2012இல் வெளிவந்த முடிவு: சவுத் பிளாட் ஆற்றுப் படுகையின் சொந்த மீன் உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே பேர் கிரீக் என்ற சிற்றோடையில், சில கிலோமீட்டர் நீளத்தில். அந்த ஓடை அதன் பூர்வீகப் படுகையிலும் இல்லை. 1880களில் பைக்ஸ் பீக் மலைப் பயணிகளுக்கு விடுதி நடத்தியவர் ஒருவர் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள் என்று கருதுகிறார்கள். அங்கிருந்து எடுத்துப் பெருக்கி, பூர்வீகப் படுகையில் உள்ள ஹெர்மன் கல்ச் ஓடையில் விட்டார்கள். அங்கே அவை தாமாக இனப்பெருக்கம் செய்வதை 2022இல் அறிவித்தார்கள்.

கலப்பினம் பிறந்தால் இரண்டும் ஒரே சிற்றினம் என்றாகாதா?

இந்தக் குடும்பத்தில் அந்தச் சோதனை உதவாது. பிரவுன் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் கலந்து பிறக்கும் டைகர் டிரவுட் மலடு. லேக் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் கலந்த ஸ்ப்ளேக் இனப்பெருக்கம் செய்யும். ரெயின்போவும் கட்த்ரோட்டும் கலந்தால் வரும் குஞ்சுகளும் நன்றாகவே பெருகும். ஆனாலும் வெளியிலிருந்து யாரும் கொண்டுவராத ஆறுகளில், கடலோரக் கட்த்ரோட்டும் ரெயின்போவும் நெடுங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தும் பெரும்பாலும் தனித்தே நிற்கின்றன. முட்டையிடும் காலமும் இடமும் சற்று மாறுவதே போதுமான வேலி. ராக்கி மலை ஓடைகளில் அந்த வேலி உருவாக வாய்ப்பே இருக்கவில்லை. விளையாட்டு மீன்பிடிப்புக்காக ரெயின்போவைக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்களில் கட்த்ரோட் கலந்து கரைந்துகொண்டிருக்கிறது. கலக்க முடியுமா என்பதைவிட, இயற்கையில் விட்டால் கலக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

டி.என்.ஏ. பார்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

நிறையத் தீர்ந்திருக்கிறது. நெரெட்வா போன்ற ஏட்ரியாட்டிக் ஆறுகளில் வாழும் மென்வாய் டிரவுட்டை அதன் விசித்திரமான வாயமைப்பைப் பார்த்துத் தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள், டி.என்.ஏ. அதைச் சால்மோவுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் எந்த டி.என்.ஏ. என்று கேட்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வரும். என்றோ ஒரு காலத்தில் நடந்த கலப்பில் வேற்றினத் தாயின் டி.என்.ஏ. உள்ளே வந்து, உடலும் மற்ற மரபணுக்களும் பழையபடியே இருக்க, அது மட்டும் தங்கிவிடலாம். கியூபெக் மாகாணத்து ஏரி ஒன்றின் புரூக் டிரவுட்டுகள் எல்லாவற்றிலும் ஆர்க்டிக் சாரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருந்ததை 1995இல் கண்டறிந்தார்கள். அதை மட்டும் படித்திருந்தால் அந்த ஏரி மீனை ஆர்க்டிக் சார் என்றே எழுதியிருப்பார்கள்.

இன்னொரு தொல்லை இந்தக் குடும்பத்துக்கே உரியது. ஏறக்குறைய 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. ரெயின்போவின் மரபணுத் தொகுதி 2014இலும் அட்லாண்டிக் சால்மனுடையது 2016இலும் வெளியானபோது அந்த இரட்டிப்பின் எச்சங்கள் இன்னும் பெருமளவு இருப்பது தெரிந்தது. ஒரே மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கையில், ஒப்பிடுவது சரியான இணையைத்தானா என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய வேண்டும். அதோடு, டி.என்.ஏ. வேறுபாட்டின் அளவைத்தான் காட்டும். எவ்வளவு வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சிற்றினம் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காதா?

கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டம் சிற்றினத்தின் ஒரு தனித்த கூட்டத்தையும் பாதுகாக்க அனுமதிக்கிறது. பசிபிக் சால்மனுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று ராபின் வேப்பிள்ஸ் 1991இல் இரண்டு அளவுகோல்களைத் தந்தார்: மற்ற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் பெருமளவு பிரிந்திருக்க வேண்டும், சிற்றினத்தின் பரிணாம மரபில் முக்கியமான பங்காக இருக்க வேண்டும். அதே ஆண்டு ஸ்னேக் ஆற்றின் சாக்கி சால்மன் பட்டியலில் ஏறியது. இடாகோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் ஏறி வரும் கூட்டம் அது. 1992இல் ஒரே ஒரு ஆண் மீன்தான் வந்து சேர்ந்தது. உலகில் சாக்கிக்குப் பஞ்சமில்லை; சிற்றினக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கூட்டத்துக்காக ஒரு ரூபாயும் செலவாகியிருக்காது.

இதில் ஓர் இடறலும் உண்டு. 2006 முதல் ஸ்டீல்ஹெட்டுக்கான பாதுகாப்புக் கடல் போகும் மீன்களுக்கு மட்டும். அதே ஓடையில் தங்கிவிட்ட ரெயின்போ, அதன் உடன்பிறப்பாகவே இருந்தாலும், அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

அழிந்த மீன் திரும்பக் கிடைத்ததாமே, ஜப்பானில்?

குனிமாசு. அகிதா மாகாணத்தின் தசாவா ஏரி ஜப்பானிலேயே ஆழமானது, 423 மீட்டர். அங்கே மட்டும் வாழ்ந்த கருத்த மீன் அது. 1925இல் அறிவியல் பெயர் பெற்றது. 1940இல் நீர்மின் திட்டத்துக்காகத் தமா ஆற்றின் அமில நீரை ஏரிக்குள் திருப்பியதும் கூண்டோடு அழிந்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதன் முட்டைகளை வேறு ஏரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். 2010இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நகாபோ தெத்சுஜி குழுவினர், ஃபூஜி மலை அருகே உள்ள சாய்கோ ஏரியில் அது உயிரோடு இருப்பதை அறிவித்தார்கள். அந்த ஏரியின் மீனவர்கள் அதை நெடுநாளாகவே பிடித்து வந்தார்கள். ஹிமேமாசு என்ற கோக்கனியின் கருத்த வடிவம் என்று எண்ணியிருந்தார்கள். செவுள் முட்களின் எண்ணிக்கை, முட்டையிடும் ஆழமும் காலமும், மரபணு ஆகியவை சேர்ந்து அதைப் பிரித்துக் காட்டின. அது தனிச் சிற்றினமா, சாக்கியின் துணைச் சிற்றினமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இறுதி முடிவு எடுப்பது யார்?

யாரும் இல்லை என்பதே நேர்மையான பதில். விலங்கியல் பெயரீட்டுப் பன்னாட்டு ஆணையம் பெயர் வைக்கும் விதிகளை மட்டும் காக்கிறது: எது முந்தியது, எது செல்லும், எந்த மாதிரி உடல் அந்தப் பெயருக்கு ஆதாரம். ஒரு மீன் தனிச் சிற்றினமா என்பதில் அது தலையிடாது. அது ஆய்வாளர்களின் வாதம், ஏற்பவர் ஏற்பார். கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் எஷ்மேயர் மீன் பெயர்த் தொகுப்பு எந்தப் பெயர் இன்று ஏற்கப்படுகிறது என்று அறிய நல்ல இடம். அமெரிக்க மீன்வளச் சங்கப் பட்டியல் வட அமெரிக்காவுக்கு.

நீலகிரி ஓடைகளில் இருப்பது எந்த டிரவுட்?

ரெயின்போ. நம் மலைகளுக்கு அது சொந்த மீன் அல்ல. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் முயற்சியில்தான் ரெயின்போ நிலைபெற்றது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருப்பதும் இதுவே. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் ரெயின்போவோடு பிரவுன் டிரவுட்டும் உண்டு.

துணைச் சிற்றினம் எது என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் மெக்லவுட் ஆறு போன்ற இடங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் புறப்பட்ட முட்டைகள் நாடு நாடாக மாறி, பொரிப்பகங்களில் ஒன்றோடொன்று கலந்தவை. இப்படிப்பட்ட வளர்ப்பு மரபுகளுக்குச் சிற்றினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரி. இந்திய மீன்வள நூல்களின் பழைய பதிப்புகளில் சால்மோ கெயர்ட்னரி என்று இருந்தால் அது இந்த மீனேதான்.

ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ எப்படி எழுதினால் குழப்பம் வராது?

முதல் முறை குறிப்பிடும்போது முழு அறிவியல் பெயரும், எந்தப் பட்டியலை எந்த ஆண்டில் பின்பற்றுகிறீர்கள் என்பதும் இருக்கட்டும். பழைய ஆய்வை மேற்கோள் காட்டினால் அதில் உள்ள பெயரை மாற்றாமல் எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள். பிரவுன் டிரவுட், கட்த்ரோட் இரண்டுக்கும் ஆற்றின் பெயரையும் படுகையின் பெயரையும் கட்டாயம் சேருங்கள். மீன் அங்கேயே பிறந்ததா, பொரிப்பகத்திலிருந்து வந்து விடப்பட்டதா என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். முடிந்தால் துடுப்பின் சிறு துண்டு ஒன்றைத் தூய எத்தனாலில் போட்டு, பிடித்த நாளையும் இடத்தையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும்.